இங்கல்ஸ் குடும்பத்தின் காணி

பத்திரிகைத் தொழிலுக்கு வந்த புதிதில் நீதிமன்றச் செய்திகளை எழுதும் பொறுப்பு என்னிடம் ஒப்படைக்கப்பட்டிருந்தது. அங்கு வந்தவற்றுட் பாதிக்கு மேற்பட்டவை காணி வழக்குகள். எல்லைக் கதியாலை ஒரு முழம் தள்ளி நட்டதற்காகப் பேரன் காலம் வரை வழக்காடிய குடும்பங்களை அங்கு கண்டிருக்கிறேன். ஒரு முதிய சட்டத்தரணியிடம் எழுதுவினைஞராக இருந்த ஒருவர், "தம்பி, சாட்சிக் கூண்டில் நிற்பவர் சொல்லுகிற கதையைக் கேளும், பிறகு உறுதியை வாங்கிப் பாரும், கதையில் எது விடுபட்டிருக்கிறது என்று தேடும்" என்று எனக்குச் சொல்லித் தந்தார். அப்பழக்கம் இன்னும் விட்டபாடில்லை. அமெரிக்காவின் புல்வெளிச் சமவெளியில் குடியேறிய ஒரு குடும்பத்தின் காணி பற்றி நான் எழுத முற்பட்டதற்கும் அதுவே காரணம்.

இங்கல்ஸ் குடும்பத்தைப் பற்றி வாசகர்களிற் பலர் அறிந்திருப்பீர்கள். லோரா இங்கல்ஸ் வைல்டர் 1932 இலிருந்து 1943 வரை எழுதி வெளியிட்ட எட்டு நூல்களையும் புலம்பெயர்ந்த நாடுகளில் உங்கள் பிள்ளைகள் பாடசாலை நூலகத்திலிருந்து எடுத்து வந்திருக்கலாம். 'லிட்டில் ஹவுஸ்' என்ற பெயரில் 1974 முதல் 1983 வரை ஓடிய தொலைக்காட்சித் தொடரின் மூலமாகவும் சிலர் அறிந்திருப்பீர்கள். வயலின் வாசிக்கும் தந்தை, பொறுமையே உருவான தாய், நான்கு பெண் பிள்ளைகள், மூடு வண்டி, எல்லையற்ற புல்வெளி. யாரிடமும் கையேந்தாமல் தம் உழைப்பால் வெறும் நிலத்தை வளவாக்கிய குடும்பம் என்றே அந்நூல்கள் அவர்களை நம் முன் நிறுத்துகின்றன. பதிவேடுகள் அக்குடும்பத்தைப் பற்றி இன்னும் பல விடயங்களைச் சொல்கின்றன.

முதலிற் சட்டத்தைப் பார்த்துவிடுவோம். உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்த வேளையில், 1862 மே 20 ஆம் திகதி, ஆபிரகாம் லிங்கன் குடியேற்றக் காணிச் சட்டத்திற் கையொப்பமிட்டார். அடுத்த ஆண்டு ஜனவரி முதலாம் திகதி அது நடைமுறைக்கு வந்தது. 21 வயது நிரம்பியவரோ குடும்பத் தலைவரோ எவரும், குடியுரிமை பெற்றவராக அல்லது பெறப்போவதாக உறுதிமொழி அளித்தவராக இருந்தால், 160 ஏக்கர் அரச நிலத்தைக் கேட்டுப் பெறலாம். யாழ்ப்பாணக் கணக்கிற் சொன்னால் 2560 பரப்பு! நாலு பரப்புக்கு நாற்பது வருடம் வழக்காடியவர்களைப் பார்த்த எனக்கு இந்தக் கணக்கு இப்போதும் தலையைச் சுற்ற வைக்கிறது. நிலத்துக்கு விலையில்லை, கட்டணங்கள் மட்டும் எல்லாமாகப் பதினெட்டு டொலர் வரை ஆகும். அங்கே ஐந்து ஆண்டுகள் குடியிருந்து, வீடு கட்டி, நிலத்தைப் பண்படுத்தி, அதனைச் சாட்சிகளுடன் நிரூபித்தால் உறுதி கிடைக்கும். மணமாகாத பெண்களும் கணவனை இழந்தவர்களும் இச்சட்டத்தின் கீழ் தம் சொந்தப் பெயரிற் காணி பெற முடிந்தது என்பது குறிப்பிடத்தக்கது. ஏறத்தாழ 16 இலட்சம் பேர் இவ்வாறு உறுதி பெற்றனர். கைமாறிய நிலம் 27 கோடி ஏக்கர், அதாவது அந்நாட்டின் முழு நிலப்பரப்பிற் பத்திலொரு பங்கு.

அந்த நிலம் அரசுக்கு எங்கிருந்து வந்தது என்பது வேறு கதை. இங்கல்ஸ் குடும்பத்தின் முதலாவது புல்வெளி வீடு அந்தக் கதையின் நடுவிலேயே கட்டப்பட்டது.

சார்ள்ஸ் இங்கல்ஸ் 1836 இல் நியூயோர்க் மாநிலத்திற் பிறந்தவர். மனைவி கரொலைன் விஸ்கொன்சினைச் சேர்ந்தவர், ஆசிரியையாக இருந்தவர். 1860 இல் மணம் முடித்தனர். மூத்தவள் மேரி 1865 இலும், லோரா 1867 இலும் விஸ்கொன்சின் மாநிலத்துப் பெப்பின் என்ற ஊருக்கு அண்மையிற் பிறந்தனர். சார்ள்ஸ் ஓரிடத்திற் காலூன்றாத மனிதர். பெப்பின் காணியை ஒருவருக்குத் தவணை முறையில் விற்றுவிட்டுத் தெற்கே புறப்பட்டு, 1869 இலையுதிர் காலத்திற் கன்சாஸ் மாநிலத்தின் தென்கிழக்கு மூலையில் மரவீடு ஒன்றைக் கட்டினார். 'லிட்டில் ஹவுஸ் ஒன் த பிரெய்ரி' என்ற புகழ்பெற்ற நூலில் வரும் வீடு இதுதான்.

அது ஒசேஜ் மக்களின் நிலம். 1865 உடன்படிக்கையின்படி அவர்களுக்கென எஞ்சியிருந்த ஒதுக்கு நிலப்பகுதி. அங்கு வெள்ளையர் எவருக்கும் குடியேறும் உரிமை இருக்கவில்லை. குடியேற்றக் காணிச் சட்டமும் அங்கு செல்லுபடியாகாது. நம்மூர் வழக்கிற் சொன்னால் சார்ள்ஸ் அத்துமீறிக் குடியிருந்தவர். அவர் தனித்து இதனைச் செய்யவில்லை. சட்டத்தை எதிர்பாராமல் ஆயிரக்கணக்கானோர் உள்ளே புகுந்திருந்தனர். புகுந்துவிட்டால் அரசாங்கம் தம்மை வெளியேற்றாது, ஒசேஜ் மக்களைத்தான் வெளியேற்றும் என்பது அவர்களுடைய கணிப்பு. அந்தக் கணிப்புப் பிழைக்கவில்லை.

1870 ஓகஸ்டிற் குடிசன மதிப்பீட்டு அலுவலர் அந்த வீட்டுக்கு வந்தார். சார்ள்ஸின் தொழில் தச்சர் எனப் பதிவாகியுள்ளது. அம்மாதம் 3 ஆம் திகதி பிறந்திருந்த கெரி என்ற குழந்தையும் பதிவில் இருக்கிறாள். காணியின் பெறுமதியை எழுத வேண்டிய இடத்தில் எதுவுமில்லை. நிலம் அவர்களுடையது அல்ல, ஆகவே எழுத ஏதுமிருக்கவில்லை. அதே மதிப்பீட்டில் அயலவராகப் பதிவானவர் ஜோர்ஜ் டான் என்ற கறுப்பின மருத்துவர். குடும்பம் முழுவதும் மலேரியாவில் விழுந்தபோது காப்பாற்றியவர் அவரே. அவர் நூலில் வருகிறார். நிலத்தின் பதிவு வரவில்லை.

அந்த ஆண்டு ஜூலையில் அமெரிக்கக் கொங்கிரஸ் ஒசேஜ் மக்களை அகற்றும் சட்டத்தை இயற்றியது. அதற்குச் சற்று முன்னர் அந்நிலம் முழுவதையும் ஒரு புகையிரதக் கம்பனிக்கு ஏக்கர் ஏறத்தாழ 20 சதத்துக்கு விற்கும் ஏற்பாடும் நடந்து கைவிடப்பட்டது என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். புதிய சட்டத்தின்படி ஏக்கருக்கு ஒன்றேகால் டொலர். செப்ரெம்பரில் ஒசேஜ் தலைவர்கள் அதற்கு இணங்கினர். இணங்குவதைத் தவிர அவர்கள் முன் வேறென்ன இருந்தது? அந்த ஏக்கர்களில் ஒசேஜ் மக்கள் வரிசை வரிசையாகக் குதிரைகளிற் செல்லும் காட்சியை லோரா மிக உருக்கமாக எழுதியிருக்கிறார். நூலின் முடிவில், குடியேறியவர்களைத் துரத்தப் படையினர் வருகிறார்கள் என்று கேள்விப்பட்டுத் தந்தை கோபத்துடன் வீட்டைவிட்டுப் புறப்படுகிறார். உண்மையில் புதிய சட்டத்தின் கீழ் அக்காணியை அதே விலைக்கு வாங்கும் வாய்ப்பு அவருக்குக் கிடைத்திருந்தது. பெப்பின் காணியை வாங்கியவரால் தவணைப் பணத்தைக் கட்ட முடியவில்லை; காணி திரும்பி வந்துவிட்டது. 1871 வசந்தத்தில் குடும்பம் அங்கே திரும்பிச் சென்றதற்கு அதுவே காரணம்.

லோரா பொய் சொன்னார் என்று நான் கூறவில்லை. கன்சாசைவிட்டுப் புறப்படும்போது அவருக்கு வயது நான்கு. தாய் தகப்பன் சொல்லிக் கேட்டதைத்தான் அறுபது வருடங்களுக்குப் பின்னர் எழுதினார். அந்த வீடு இன்டிப்பென்டன்ஸ் என்ற பட்டினத்திலிருந்து நாற்பது மைல் தொலைவில் இருந்ததாக நினைத்திருந்தார். அதன்படி 1930களில் மகளுடன் அதைத் தேடி ஓக்லகோமாவுக்குப் போய் அலைந்து வெறுங்கையுடன் திரும்பினார். சரியான இடமோ அப்பட்டினத்திலிருந்து பதின்மூன்று மைல் அளவில், கன்சாசுக்குள்ளேயே இருந்தது. குடிசன மதிப்பீட்டுப் பதிவுதான் பின்னர் அதனைக் காட்டிக் கொடுத்தது.

ஒசேஜ் மக்களுக்கு நடந்ததையும் ஒரு வரியிற் சொல்லிவிடுகிறேன். கன்சாஸ் நிலத்தின் விலையைக் கொண்டு அவர்கள் இன்றைய ஓக்லகோமாவில் கல்லும் கரடுமான ஒரு பகுதியை விலைக்கு வாங்கிக் குடியேறினர். பிற்காலத்தில் அதன் அடியில் எண்ணெய் இருப்பது தெரியவந்தது. 1906 சட்டத்தின்படி கனிய உரிமை சமூகத்துக்கே பொதுவாக நின்றமையால் பெரும் செல்வந்தராயினர். அந்தச் செல்வத்துக்காகவே 1920களில் அவர்களிற் பலர் கொல்லப்பட்டனர். 2023 இல் வெளிவந்த ஒரு திரைப்படம் அக்கொலைகளை உலகறியச் செய்தது.

1874 இல் சார்ள்ஸ் மீண்டும் மேற்கே புறப்பட்டார். இம்முறை மினெசோட்டாவில் வோல்நட் குரோவ் என்ற சிற்றூரின் அருகே, ஓடைக்கரை மேட்டைக் குடைந்து அமைக்கப்பட்ட மண்வீட்டுடன் கூடிய காணி. கோதுமை நன்றாக வந்தது. அறுவடைக்கு முன்னர் வெட்டுக்கிளி வந்தது.

றொக்கி மலை வெட்டுக்கிளி என்ற அந்தப் பூச்சியினத்தின் படையெடுப்பை இன்று கற்பனை செய்வதும் கடினம். 1875 இல் நெப்ராஸ்காவின் மேலாகப் பறந்த ஒரு கூட்டத்தை அக்காலத்திலேயே அளந்து கணக்கிட்டவர் ஒருவர், அது 198,000 சதுர மைல் பரப்பை மூடியிருந்ததாக மதிப்பிட்டார். இலங்கையைப்போல் ஏழெட்டு மடங்கு பரப்பு. கோதுமை, காய்கறி, மரப்பட்டை என்று ஒன்றும் மிஞ்சவில்லை. குதிரைச் சேணத்தையும் வேலையாளின் சட்டையையும் அரித்துத் தின்றன. இன்னொரு வியப்பு, அந்த இனம் அடுத்த முப்பது ஆண்டுகளுக்குள் அடியோடு அற்றுப்போனது. உயிருடன் இறுதியாகப் பிடிக்கப்பட்டது 1902 இல். அவை முட்டையிட்ட மலையடிவாரப் பள்ளத்தாக்குகளைக் குடியேறியவர்களின் ஏர் உழுதுவிட்டது என்று ஆய்வாளர் சிலர் கருதுகின்றனர்.

சார்ள்ஸ் கூலி வேலை தேடி நூற்றுக்கணக்கான மைல் கிழக்கே நடந்து சென்றார். இது நூலில் இருக்கிறது. நூலில் இல்லாதது ஒன்று மாவட்டப் பதிவேட்டில் இருக்கிறது. 1875 இன் பிற்பகுதியில் சார்ள்ஸ் இங்கல்ஸ் நிவாரண மாவுக்கு விண்ணப்பித்தார். தம்மிடம் எந்த வழிவகையும் இல்லை என்று சத்தியம் செய்து கையொப்பமிட்டால்தான் மா கொடுப்பார்கள். அவர் கையொப்பமிட்டார். இரண்டு அரைப் பீப்பாய் மா கிடைத்தது.

அந்த வருடம் நவம்பர் முதலாம் திகதிதான் அவர்களுக்கு ஒரே ஆண் குழந்தை பிறந்திருந்தது. சார்ள்ஸ் பிரெடரிக் என்று பெயர். அடுத்த ஆண்டு ஓகஸ்ட் 27 இல், பயணத்தின் நடுவே, ஒன்பது மாதத்தில் இறந்தது. எட்டு நூல்களில் ஓரிடத்திலும் அக்குழந்தை இல்லை. நிவாரண மாவும் இல்லை. 1876 இல் காணியை விற்று, அயோவா மாநிலத்தில் பேர் ஓக் என்ற ஊரில் ஒரு தங்குவிடுதியில் குடும்பமே வேலை செய்து பிழைத்தது. 1877 மே மாதம் கடைசிப் பெண் கிறேஸ் அங்கு பிறந்தாள். வீட்டு வாடகை கட்ட முடியாமல், குதிரைகளைப் பறித்துவிடுவேன் என்று வீட்டுக்காரர் மிரட்டியதால், இருட்டோடு இருட்டாக அவர்கள் ஊரைவிட்டு வெளியேறினர். அந்த ஆண்டும் நூல்களில் இல்லை. லோராவே 1930 இல் முதன்முதலாக எழுதிப் பதிப்பாளர்களால் நிராகரிக்கப்பட்ட தன்வரலாறான 'பயனியர் கேர்ள்' என்ற கைப்பிரதியில் பேர் ஓக் இருக்கிறது. விரிவான குறிப்புகளுடன் அது அச்சேறியது 2014 இல். மாப் பீப்பாய்களை அதிலும் நாம் காணமாட்டோம்.

செய்தியாளனாக நிவாரண வரிசைகளைப் பற்றி எத்தனையோ தடவை எழுதியிருக்கிறேன். வரிசையில் நின்ற மனிதர்கள் பிற்காலத்தில் நன்றாக வாழ்ந்தபோதும் அந்த நாட்களைத் தம் பிள்ளைகளுக்குச் சொல்ல விரும்பியதில்லை. பிள்ளைகள் கேட்டால் பேச்சை மாற்றுவார்கள். சார்ள்ஸ் தம் மகள்மாருக்கு அதைச் சொன்னாரா இல்லையா என்பதற்கு விடை கிடைக்காது. எட்டு வயதுப் பெண் பிள்ளைக்கு வீட்டுக்குள் வந்த மா எங்கிருந்து வந்தது என்பது தெரியாமலே போயிருக்கலாம்.

இனி டகோட்டா. 1879 இல் மேரி நோயுற்று, 14 வயதிற் கண்பார்வை இழந்தாள். (செம்புள்ளிக் காய்ச்சல் என்று நூல் சொல்கிறது. மூளையையும் மூளையுறையையும் தாக்கிய வைரஸ் நோயாகவே இருந்திருக்க வேண்டும் என்று 2013 இல் ஒரு மருத்துவச் சஞ்சிகைக் கட்டுரை முடிவு செய்தது.) கடனும் மருத்துவச் செலவும் சேர்ந்திருந்த வேளையிற் சார்ள்ஸுக்குப் புகையிரதப் பாதை அமைக்கும் முகாமில் நேரக்கணக்காளர் வேலை கிடைத்தது. பாதை போகுமிடமெங்கும் பட்டினங்கள் முளைத்தன. பெல்ஜிய நாட்டு யேசு சபைத் துறவி ஒருவரின் பெயரைச் சூடிய டி ஸ்மெற் என்ற பட்டினம் 1880 வசந்தத்தில் அளந்து பிரிக்கப்பட்டது. அதற்கு முன்னரே அங்கே ஒரு மாரியை நில அளவையாளரின் வீட்டிற் கழித்த முதற் குடும்பம் இவர்களுடையது.

1880 பெப்ரவரி 19 ஆம் திகதி சார்ள்ஸ் புறூக்கிங்ஸ் காணி அலுவலகத்தில் 160 ஏக்கருக்குப் பதிவு செய்தார். காணி டி ஸ்மெற்றுக்குத் தென்கிழக்கே, நடந்து போகும் தொலைவில் இருந்தது. நாற்பத்து நான்கு வயதில், நான்கு மாநிலங்களைச் சுற்றிய பின்னர், அவர் சட்டப்படி குடியேற்றக் காணி கேட்டது இதுவே முதற் தடவை. அங்கு ஒரு சிறு பலகைக் குடில் கட்டினார். மனைவிக்கும் நான்கு பிள்ளைகளுக்குமாக, ஏரிக்கரையிலிருந்து கொட்டன்வூட் கன்றுகளைப் பிடுங்கி வந்து நட்டார். மரமே இல்லாத வெளியில் விரைவில் வளரக்கூடிய மரம் அது.

அவ்வாண்டு ஒக்ரோபர் நடுப்பகுதியிலேயே பனிப்புயல் அடித்தது. வரப்போகும் மாரியின் கொடுமையை உணர்ந்து குடும்பம் பட்டினத்திற் சார்ள்ஸ் கட்டியிருந்த கடைக் கட்டடத்துக்கு இடம்பெயர்ந்தது. ஜனவரியிற் புகையிரதம் முற்றாக நின்றது. மீண்டும் வந்து சேர்ந்தது மே மாதத்தில். நிலக்கரி தீர்ந்தபின் உலர்ந்த புல்லைக் கயிறுபோல் முறுக்கி எரித்தனர். மா தீர்ந்தபின் கோதுமையைக் கோப்பி அரைக்கும் சிறு கையியந்திரத்தில் நாள் முழுவதும் மாறி மாறி அரைத்து அப்பம் சுட்டனர். பட்டினமே பட்டினியின் விளிம்பில் நின்றபோது அல்மன்சோ வைல்டர் என்ற இளைஞனும் அவனது தோழனும் பனிவெளியைக் கடந்து போய்த் தொலைவில் இருந்த ஒரு குடியேற்றக்காரனிடம் கோதுமை வாங்கி வந்தனர். அந்த அல்மன்சோவையே லோரா 1885 இல் மணந்தார்.

அந்த மாரி முழுவதும் அதே வீட்டில் ஓர் இளந் தம்பதியினரும் அவர்களின் கைக்குழந்தையும் இருந்தனர். அந்தக் கணவன் புல் முறுக்கவும் கோதுமை அரைக்கவும் உதவாமல் அடுப்பருகே சுகமாக இருந்தான் என்று லோரா கைப்பிரதியிற் கசப்புடன் எழுதியிருக்கிறார். நாவலில் அம்மூவரும் நீக்கப்பட்டுவிட்டனர். குடும்பம் தனியே, தன் பலத்தால் மாரியை வென்றதாகக் கதை அமைய வேண்டுமல்லவா?

மேரியின் கல்வியிலும் இதுவே நடந்தது. 1881 முதல் 1889 வரை அவள் அயோவா மாநிலத்தில் வின்ரன் என்ற ஊரிலிருந்த பார்வையற்றோர் கல்லூரியிற் படித்தாள். நாவல்களில் அதற்காகத் தந்தை பணம் சேமிக்கிறார். லோரா பதினைந்து வயதில் ஆசிரியை வேலைக்குப் போகிறாள். குடும்பம் சிரமப்பட்டது உண்மை. ஆயினும் கல்லூரிக் கட்டணத்தை டகோட்டா ஆட்சிப்பிரதேசத்தின் அரசாங்கமே கட்டியது. நூல்களை எழுதிய 1930களில் லோராவும், கையெழுத்துப் பிரதிகளைச் செப்பனிட்ட மகள் ரோஸ் வைல்டர் லேனும், அரசாங்கம் மக்களுக்கு உதவுவதையே வெறுத்தவர்கள் என்பதை இத்துடன் சேர்த்துப் பார்க்க வேண்டும். ரோஸும் நம்மைப் போன்ற பத்திரிகைக்காரர்தான். சான் பிரான்சிஸ்கோ நாளிதழ் ஒன்றில் எழுதிப் பெயர் பெற்றவர். விறுவிறுப்புக்காக உண்மையை வளைக்கத் தயங்காதவர் என்ற பெயரும் அவருக்கு உண்டு.

பத்திரிகை என்றதும் ஒன்றைச் சொல்லாமற் செல்ல மனமில்லை. காணியை நிரூபிக்கப் போகிறவர் அதனை அண்மையிலுள்ள பத்திரிகை ஒன்றில் முன்கூட்டியே சில வாரங்கள் அறிவித்தலாக வெளியிட வேண்டும் என்று 1879 இல் ஒரு சட்டம் வந்தது. எதிர்ப்பிருப்பவர்கள் முன்வர வேண்டும் என்பது நோக்கம். விளைவோ, ஆளரவமற்ற புல்வெளியெங்கும் பத்திரிகைகள் முளைத்தன. வாசகர் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, அறிவித்தல் இருந்தாற் போதும். தென் டகோட்டாவில் எட்வர்ட் சென் என்பவர் இத்தகைய பத்திரிகைகளை முப்பதுக்கு மேல் நடத்தி 'இறுதி நிரூபண மன்னர்' என்று பெயரெடுத்தார். காணிகள் எல்லாம் நிரூபிக்கப்பட்டு முடிந்ததும் அச்சு இயந்திரத்தை வண்டியில் ஏற்றி அடுத்த ஊருக்குக் கொண்டு போய்விடுவார்கள். அரச அறிவித்தலை நம்பி நாளைக் கடத்தும் பத்திரிகைகளைப் பார்த்த எனக்கு இது புதிதாகப் படவில்லை. அந்தச் சென்னின் பத்திரிகைகளில் வேலை செய்தவர்களுள் ஒருத்தி, கன்சாசில் அந்நிய நிலத்திற் பிறந்த கெரி. டி ஸ்மெற் பத்திரிகை அலுவலகத்தில் எழுத்துக் கோக்கப் பழகியவள். 1907 அளவில், மணமாகாத பெண்ணாக, மேற்குத் தென் டகோட்டாவில் தன் சொந்தப் பெயரில் குடியேற்றக் காணி எடுத்துத் தார்க் கடதாசிக் குடிலில் தனியே வாழ்ந்தாள். அக்காவின் நூல்கள் கிறேஸுக்கு முந்திய தங்கையான இவளை ஒரு பலவீனமான சிறுமியாகவே விட்டுச்செல்கின்றன.

சார்ள்ஸ் 1886 இல் சாட்சிகளுடன் சென்று தம் காணியை நிரூபித்தார். அரசாங்கத்தோடு கட்டிய பந்தயத்தில் அவர் வென்றார் என்றே சொல்ல வேண்டும்; பதிவு செய்தவர்களிற் பெருந்தொகையினர் அந்த ஐந்தாண்டைத் தாண்டவே இல்லை. ஆனால் வென்றவர் அங்கு நிற்கவில்லை. 1887 இற் பட்டினத்தில் ஒரு வீடு கட்டினார். குடும்பம் அங்கே குடிபோயிற்று. 1892 இற் காணி விற்கப்பட்டது. வாழ்நாள் முழுவதும் துரத்திய காணி உறுதியை ஆறே ஆண்டுகள் வைத்திருந்தார். பின்னர் தச்சு வேலையிலும் சிறு உத்தியோகங்களிலும் காலங்கழித்து 1902 ஜூன் 8 இல் இறந்தார்.

ஏன் விற்றார்? அந்த நிலத்தில் 160 ஏக்கர் ஒரு குடும்பத்துக்குப் போதாது என்பதே எளிய விடை. கிழக்கே மழை தாராளமாகப் பெய்யும் மாநிலங்களின் கணக்கை வைத்து வகுத்த அளவு அது. ஜோன் வெஸ்லி பவல் என்ற நிலவியலாளர் 1878 இலேயே வறண்ட நிலங்கள் பற்றிய தமது அறிக்கையில் இதனை எச்சரித்தார். மேய்ச்சல் நிலமாயின் ஒரு குடும்பத்துக்கு 2560 ஏக்கராவது வேண்டும் என்றார். அவருக்கு யார் செவிசாய்த்தார்கள்? ஏர் போன இடத்துக்கு மழை பின்னால் வரும் என்று அக்காலத்திற் படித்தவர்களே எழுதிக்கொண்டிருந்தனர். புகையிரதக் கம்பனிகளுக்கு அது வசதியாகவும் இருந்தது. சட்டம் 320 ஏக்கர் வரை அனுமதித்தது 1909 இற்தான்.

லோராவும் அல்மன்சோவும் அந்தப் பிழையான கணக்கின் விலையை முழுதாகக் கொடுத்தனர். அவர்களிடம் குடியேற்றக் காணியொன்றும், மரம் நட்டு வளர்த்தாற் சொந்தமாகும் இன்னொரு காணியும் இருந்தன. வறட்சியில் மரக்கன்றுகள் கருகின. 1888 இல் இருவரையும் தொண்டைக் கரப்பான் நோய் தாக்கியது. அல்மன்சோவின் கால்கள் அதன்பின் பழைய நிலைக்கு வரவில்லை. 1889 ஓகஸ்டிற் பெயரிடுமுன்னரே ஆண் குழந்தை இறந்தது; அதே மாதம் வீடு எரிந்தது. 1894 ஜூலையில் ஏழு வயது ரோஸையும் ஏற்றிக்கொண்டு மிசூரி நோக்கி வண்டியிற் புறப்பட்டனர். லோரா 1957 இல் இறக்கும்வரை வாழ்ந்த பண்ணை மிசூரியில் விலை கொடுத்து வாங்கிய காணி. இலவசக் காணி அல்ல.

ஒரு சிறு திருத்தமும் உண்டு. காணி பெறுவதற்காக அல்மன்சோ வயதைக் கூட்டிச் சொன்னதாக நாவலில் வருகிறது. பதிவின்படி அவர் 1857 இற் பிறந்தவர். அப்போது 21 தாண்டிவிட்டவர். இல்லாத குற்றத்தைக் கணவர் மீது ஏற்றிய மனைவி, தகப்பன் கையொப்பமிட்ட மாப் பத்திரத்தை விட்டுவிட்டார்.

நூல்களின் பிற்கால வரலாறு பலரும் அறிந்ததே. கன்சாஸ் நூலின் முதற் பதிப்பில், அந்நிலத்திற் பூர்வகுடிகள் மாத்திரமே இருந்தமையால் அங்கு மனிதரே இல்லை என்று பொருள்படும் ஒரு வாக்கியம் இருந்தது. வாசகர் ஒருவரின் கடிதத்தின் பின்னர், மனிதர் என்ற சொல் குடியேறியோர் என்று 1953 இல் மாற்றப்பட்டது. லோராவும் தம் தவறை வருத்தத்துடன் ஒப்புக்கொண்டார். 1954 இல் அவர் பெயரில் நிறுவப்பட்ட சிறுவர் இலக்கிய விருதின் பெயரை அமெரிக்க நூலகச் சங்கத்தின் பிரிவு 2018 இல் மாற்றியது. கரொலைன் பிரேசர் எழுதிய லோராவின் வாழ்க்கை வரலாறு அதே ஆண்டில் புலிட்சர் பரிசு பெற்றது. பெயர் மாற்றம் சரியா பிழையா என்ற வாதம் அங்கே இன்னும் சூடாறவில்லை. என்னைக் கேட்டால், நூல்களைப் பிள்ளைகளிடமிருந்து பறிக்க வேண்டியதில்லை. பறித்துவிட்டால் அந்த மாப் பத்திரத்தையும், பெறுமதி எழுதப்படாத 1870 ஆம் ஆண்டுப் பதிவையும் தேடிப் போவதற்கு யாருக்குக் காரணம் இருக்கும்?

டி ஸ்மெற்றின் தென்கிழக்கே அந்தக் காணி இன்றும் இருக்கிறது. பலகைக் குடில் போய்விட்டது. பார்வையாளருக்காகப் புதிதாகக் கட்டியவைதான் இப்போது நிற்கின்றன. காணியின் ஓரத்தில் கொட்டன்வூட் மரங்கள் சில உள்ளன, சார்ள்ஸ் 1880 இல் நட்டவற்றுள் எஞ்சியவை. கோடையின் தொடக்கத்தில் அவற்றின் விதைகள் பஞ்சாகப் பறந்து வீதியோரத்திற் படிகின்றன. கன்றுகளை மனைவிக்கும் நான்கு மகள்மாருக்கும் என்று எண்ணியே நட்டார் என்று லோரா எழுதியிருக்கிறார். நான்கு ஆண்டுகளுக்கு முன்னர் இறந்த மகனுக்கு அந்தக் கணக்கில் மரமில்லை.